அண்ணாச்சியின் கையும் வயிறும்

கிட்னி வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை மெஷின் வழியாகச் சுத்தம் செய்து, தேங்கிய தண்ணீரையும் எடுக்கிற டயாலிசிஸ் யூனிட்டில் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்து 11 வருடம் ஆகிறது. காலை ஐந்தரைக்கு முதல் ஷிஃப்ட். ஆள் உள்ளே வந்ததும் முதல் வேலை எடை பார்ப்பதுதான். செருப்பைக் கழற்றச் சொல்லி, சட்டைப் பையில் இருக்கிற போனை வாங்கி வைத்துவிட்டு, மெஷினில் ஏற்றி, காட்டுகிற எண்ணை நோட்டில் எழுதுவோம். போன தடவை முடிந்து போனபோது இருந்த எடைக்கும் இன்றைக்கு வந்திருக்கிற எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் இடையில் ஏறிய தண்ணீர். அதைப் பார்த்துத்தான் இன்றைக்கு எத்தனை லிட்டர் எடுப்பது என்று டயாலிசிஸ் மெஷினில் போடுவோம். எங்கள் வேலையே எடையைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஆனால் எடை மெஷினை மட்டும் நம்பி இருந்ததால் ஏழு மாதம் எங்கள் யார் கண்ணிலும் படாமல் போன ஒரு விஷயம் உண்டு, அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அண்ணாச்சி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வயது அறுபதை ஒட்டி. சர்க்கரை நோயால் கிட்னி போனவர். செவ்வாயும் வெள்ளியும் வருவார். உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன், "பேரப் போடாம தாராளமா எழுது தம்பி, நாலு பேருக்கு ஆகட்டும்" என்றார். அவருக்கு டாக்டர் குறித்திருந்த டிரை வெயிட் 64 கிலோ. அதாவது, தேங்கிய தண்ணீரையெல்லாம் எடுத்துவிட்ட பிறகு உடம்பு இருக்க வேண்டிய எடை. ஏழு மாதமும் முடிந்து போகும்போது மெஷின் 64 காட்டியது, சில நாள் 64.2. வேட்டிக்கு மேல் பணப்பை வைத்த பச்சை பெல்ட் கட்டுவார், அதுவும் அதே ஓட்டையில்தான் நின்றது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் நிம்மதி.

ஒரு வெள்ளிக்கிழமை பி.பி. பார்க்க வலது கையில் பட்டையைச் சுற்றினேன். இடது கை ஃபிஸ்டுலா போட்ட கை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த கை, அதில் பி.பி. பார்க்கக் கூடாது. முன்பெல்லாம் பட்டையின் ஓரம் அதில் அச்சடித்த கோட்டுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டும். அன்றைக்குக் கோட்டைத் தாண்டி நாலு விரல் தள்ளிப் போய் ஒட்டியது. பட்டை மாறிவிட்டதோ என்று பக்கத்துக் கட்டிலில் இருந்ததை எடுத்து வந்து சுற்றினேன், அதுவும் அப்படியே. சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னேன். மேல்கையில் சதையே இல்லை, தோல் தொளதொளவென்று தொங்கியது. பிரஷர் 180-க்கு 100.

"ராத்திரி தூக்கம் எப்படி அண்ணாச்சி?"

"மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது தம்பி. மூணு தலகாணி வச்சு சாஞ்சுதான் கெடக்கேன். வயசாகுதுல்லா."

வயசு இல்லை. ஏழு மாதமாக உடம்பில் சதை கரைந்துகொண்டே இருந்திருக்கிறது, கரைந்த இடத்தில் அதே எடைக்குத் தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறது. மெஷினுக்குச் சதையும் தண்ணீரும் ஒன்றுதான். நாங்கள் 64-க்கு மேல் ஏறியதை மட்டும் எடுத்துவிட்டு, 64-க்குள்ளேயே ஒளிந்திருந்த தண்ணீரை அவருடைய இருதயத்தின் மேல் சுமத்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். டாக்டர் வந்து பார்த்தார், இருதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுக்கச் சொன்னார். இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. டிரை வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். ஐந்து வாரத்தில் 59.5. தலகாணி மூன்று ஒன்றாகியது, பிரஷர் மாத்திரை நாலில் இரண்டு குறைந்தது. எடையில் நாலரைக் கிலோ போயும் பெல்ட் மட்டும் ஒரே ஒரு ஓட்டைதான் உள்ளே போனது. கை மெலிந்து, தொடை மெலிந்து, வயிறு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

அந்தக் கையையும் வயிற்றையும் என்னால் மறக்க முடியவில்லை. கரைவது ஏன் சதையாக மட்டும் இருக்கிறது, வயிற்றுக் கொழுப்பு ஏன் அசையவில்லை, மனுசனுக்கு ஏன் பசியே எடுப்பதில்லை? டாக்டரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் படிக்கச் சொல்லிக் கட்டுரைகளை அனுப்பினார். அகராதியை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் படித்தேன்.

கொழுப்பு என்பது குடோனில் அடுக்கிய மூட்டை மாதிரி சும்மா கிடப்பது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கொழுப்புச் செல்கள் ராவும் பகலும் ரத்தத்தில் ஹார்மோன்களை விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதில் முக்கியமானது லெப்டின். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு 1994-இல் கண்டுபிடித்தது. கிரேக்க மொழியில் லெப்டோஸ் என்றால் மெலிந்தது, அதிலிருந்து வந்த பெயர். இருப்பில் கொழுப்பு போதுமான அளவு இருக்கிறது, சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. ரத்தத்தில் ஓடும் லெப்டினின் பெரும்பகுதியை வெளியேற்றுவது கிட்னிதான். கிட்னி படுத்துவிட்டால்? லெப்டின் தேங்கும். சாதாரண டயாலிசிஸ் வடிகட்டியின் துளைகள் யூரியா, கிரியாட்டினின் மாதிரி சின்னக் கழிவுச் சரக்குக்கு அளவானவை. லெப்டின் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரிய மூலக்கூறு, துளை பெரிதான ஹை ஃப்ளக்ஸ் வடிகட்டியில்தான் ஓரளவாவது போகும்.

"நாலு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது தம்பி" என்று அண்ணாச்சி சொல்லும்போது வாய்க்கு ருசி செத்துப் போச்சு, மனசு சரியில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதெல்லாம் இருக்கலாம்தான். ஆனால் போதும் போதும் என்று மூளையில் ஒரு குரல் நிற்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும்போது மனுசன் எப்படிச் சாப்பிடுவான்? 2005-இல் வந்த ஒரு எலி ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. கிட்னி பழுதான எலிகள் சாப்பாடு குறைந்து இளைத்தன, சதை கரைந்தது. லெப்டின் சொல்வதைக் கேட்கும் அமைப்பே பிறவியில் இல்லாத எலிகளுக்கு அதே கிட்னிப் பழுது இருந்தும் அந்த இளைப்பு வரவில்லை. மனிதர்களில் கணக்கு இத்தனை நேராக வருவதில்லை. டயாலிசிஸ் நோயாளிகளில் லெப்டின் ரொம்பக் குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்று சொன்ன ஆய்வும் உண்டு. லெப்டின் அவ்வளவு குறைகிறது என்றால் உடம்பில் இருப்பே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது அடிப்போனெக்டின். இருதயத்துக்கு இது காவல்காரன் மாதிரி. ரத்தக்குழாயின் உள்சுவரில் வெள்ளை அணுக்கள் போய் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், அழற்சியை அடக்கும், இன்சுலின் சொன்னதை உடம்பு கேட்கச் செய்யும். விநோதம் என்னவென்றால் கொழுப்புச் செல்லிலேயே உற்பத்தியாகிற இது, கொழுப்பு கூடக்கூடக் குறையும். தொப்பை போட்டவர்கள் ரத்தத்தில் கம்மியாக இருக்கும்.

இத்தாலி வரைபடத்தில் பூட்ஸ் மாதிரி இருக்குமே, அதன் நுனிக்காலில் ரெஜியோ கலாப்ரியா என்றொரு ஊர். அங்கே கார்மினே ஸொக்காலி, ஃபிரான்செஸ்கா மல்லமாச்சி என்ற இரண்டு கிட்னி டாக்டர்கள் டயாலிசிஸ் நோயாளிகளின் இருதயத்தைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். 2002-இல் அவர்கள் குழு மெஷினில் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்ளும் 227 நோயாளிகளின் அடிப்போனெக்டினை அளந்து வெளியிட்டது. ஆரோக்கியமானவர்களைவிட இவர்களுக்கு அது சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. அந்த 227 பேருக்குள்ளேயே பார்த்தால், குறைவாக இருந்தவர்களுக்குத்தான் பின்னால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதிகம் வந்தன. சரி, காவல்காரன் நிறைய இருந்தால் நல்லது என்று அத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. 2006-இல், டயாலிசிஸுக்கு இன்னும் வராத, கிட்னி பாதி கெட்ட நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில் நேர் எதிராக வந்தது. அடிப்போனெக்டின் அதிகம் இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். இருதயம் பலவீனமான நோயாளிகளிலும் இதே மாதிரிதான். இந்த இடத்தில் பல நாள் குழம்பினேன், ஒரே ஹார்மோன் எப்படி ஒரு இடத்தில் காப்பாற்றும், இன்னொரு இடத்தில் சாவுக்கு அடையாளமாகும் என்று. விடையின் ஒரு பகுதி கடைசியில் அண்ணாச்சியின் உடம்பிலேயே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் ஏறி இருதயம் விரிந்து இழுபட்டால் அது பி.என்.பி. என்ற ஒரு பொருளைச் சுரக்கும். எக்கோ எடுக்கும்போது சில டாக்டர்கள் அந்த டெஸ்டையும் சேர்த்து எழுதுவார்கள். அந்த பி.என்.பி. கொழுப்புச் செல்லைத் தட்டி, அடிப்போனெக்டின் விடு என்கிறது. உடம்பு இளைத்தாலும் அடிப்போனெக்டின் கூடும். ஆக, சதை கரைந்து தண்ணீர் ஏறிய ஒருவருக்கு இரண்டு வழியிலும் அது ஏறும். காவல்காரர்கள் நிறைய நிற்கிறார்கள் என்பதற்கு வீடு பத்திரம் என்றும் அர்த்தம் இருக்கலாம், உள்ளே தீ பிடித்திருக்கிறது என்றும் இருக்கலாம். எது என்று அந்த ஒரு எண் மட்டும் சொல்லாது.

ரெஜியோ கலாப்ரியாக்காரர்கள் அடுத்துச் செய்ததுதான் என் மனசுக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் இன்ச் டேப்பை எடுத்தார்கள். 500-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் இடுப்புச் சுற்றளவை அளந்து, பல மாதம் பின்தொடர்ந்து, 2009-இல் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை பார்க்கும் பி.எம்.ஐ. கூடியவர்கள் குறைவாக இறந்தார்கள். இடுப்புச் சுற்றளவு கூடியவர்கள் அதிகம் இறந்தார்கள், அதிலும் இருதயச் சாவு. 2011-இல் இன்னொன்று: லெப்டினும் அடிப்போனெக்டினும் ஒருவருக்கு என்ன சேதி சொல்கின்றன என்பதே அவருடைய இடுப்பு அளவைப் பொறுத்து மாறுகிறது.

எடை கூடியவர்கள் டயாலிசிஸில் அதிக நாள் இருக்கிறார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உலகம் முழுக்கக் குண்டாக இருந்தால் இருதயத்துக்கு ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருக்க, டயாலிசிஸில் மட்டும் தலைகீழ். கொலஸ்ட்ராலும் அப்படித்தான், ரொம்பக் குறைந்தவர்கள்தான் சீக்கிரம் போகிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2005-இல் ஜெர்மனியில் 1,255 பேர், 2009-இல் இன்னொரு ஆய்வில் 2,776 பேர். கொலஸ்ட்ரால் குறைந்தது, இருதயச் சாவு சொல்லும்படி குறையவில்லை. இதைக் கேட்டுவிட்டுக் குண்டாக இருப்பது நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எடை என்பதில் சதை இருக்கிறது, தோலுக்கடியில் கொழுப்பு இருக்கிறது, குடலைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. நோயில் தாங்கிப் பிடிப்பது சதையும், ஓரளவு தோலுக்கடிக் கொழுப்பும். வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்பு அழற்சியைத்தான் கிளப்பிவிடும்.

நம் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்களையே அளந்து ஒரு படம் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்த்தால் இருவருமே ஒல்லி. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கிற வாகு நம் ஊரில் எத்தனை பேருக்கு என்று எந்த டீக்கடையில் நின்று பார்த்தாலும் தெரியும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் நமக்குத் தொப்பைக் கணக்கு. இந்த வாகோடு ஒருவர் டயாலிசிஸுக்கு வந்து, பசி போய், சதை கரைந்தால் மிஞ்சுவது அந்த வயிறுதான்.

டயாலிசிஸில் சாகிறவர்களில் பாதிக்கு அருகில் இருதயத்தால்தான் போகிறார்கள். 1998-இல் ராபர்ட் ஃபோலியும் மற்றவர்களும் அமெரிக்கக் கணக்கை வைத்துக் காட்டினார்கள்: டயாலிசிஸில் இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு இருதயச் சாவு வரும் வாய்ப்பு, சாதாரண எண்பது வயதுக்காரருக்கு இருப்பதை ஒத்தது. எங்கள் யூனிட்டில் இருபத்தாறு வயதுப் பையன்கூட ஒருவன் இருக்கிறான். அதனால் இதை ஏதோ வெளிநாட்டு ஆராய்ச்சிச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

நான் பார்த்தவரை, சாப்பாட்டில்தான் நம் வீடுகளில் பெரிய தப்பு நடக்கிறது. கிரியாட்டினின் ஏற ஆரம்பித்த காலத்தில் டாக்டர் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார். அப்போது அது சரி. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு கணக்கே மாறிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வடிகட்டி வழியாகச் புரதத்தின் கூறான அமினோ அமிலம் சில கிராம் வெளியே போகிறது, அதனால் உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். அண்ணாச்சி வீட்டில் நாலு வருடம் முன்னால் சொன்னதையே பத்தியமாகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். முட்டை கிடையாது, மீன் கிடையாது, பருப்புகூடத் தெளிவு மட்டும். அந்த அம்மா ஒரு நாள்கூடத் தவறவிடாமல் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைத்திருக்கிறார்கள். மாற்றச் சொல்லி நாங்கள் யாரும் அவர்களிடம் உட்கார்ந்து பேசவில்லை. இதை எழுதும்போதுகூட மனசு கஷ்டமாக இருக்கிறது. டயட்டீஷியனை வரவழைத்து அந்த அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசவைத்தோம். தினமும் மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, மதியம் ஒரு துண்டு மீன், டயாலிசிஸ் அன்றைக்குக் கொஞ்சம் கூட. பொட்டாசியத்தைக் குறைக்கக் காயை நறுக்கி வெந்நீரில் போட்டு வடிப்பது, இளநீர் தொடாமல் இருப்பது எல்லாம் பழையபடிதான்.

சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்கள், "நல்லா எளைச்சு டிரிம்மா ஆயிட்டீங்களே" என்று பாராட்டாதீர்கள். போன மாதம் ஒரு பெரியம்மாவின் மகள் என்னிடம் வந்து, அம்மா ரொம்ப வெயிட்டா இருக்காங்க, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திடலாமா என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். பட்டினி போட்டால் முதலில் போவது சதை, அதற்கு மட்டும் போகாதீர்கள், டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டுவிட்டு நடக்கச் சொல்லுங்கள் என்றேன். கிட்னி மாற்று ஆபரேஷனுக்கு எடை குறைக்க வேண்டி வரும் ஆட்களும் உண்டு. அவர்களும் டாக்டர் கண்காணிப்பில், சதை போகாமல் குறைக்க வேண்டும். வயிற்றில் திரவம் விட்டு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அந்தத் திரவத்தில் இருக்கும் குளுக்கோஸே உள்ளே போய்த் தொப்பையாவது தனிக் கதை.

லெப்டினையும் அடிப்போனெக்டினையும் எங்கள் மாதிரி யூனிட்டில் யாரும் டெஸ்ட் செய்வதில்லை. செய்தாலும் அந்த எண்ணை வைத்து இன்ன மாத்திரை என்று எழுதும் நிலை இல்லை. ஆனால் அவை எதைக் காட்டுகின்றனவோ அதில் பாதியைக் கையாலும் டேப்பாலும் பார்க்க முடிகிறது. தையல் கடையில் ஒரு இன்ச் டேப் வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மாதம் முதல் வாரம், டயாலிசிஸ் முடிந்த பிறகு, எல்லோருக்கும் ஃபிஸ்டுலா இல்லாத மேல்கையின் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, இரண்டையும் எடை நோட்டிலேயே பக்கத்தில் எழுதுகிறேன். நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்று ரிப்போர்ட்டில் தேடுகிறேன். கை சுருங்கி எடை மட்டும் அசையாமல் நின்றால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போகும். முதலில் எல்லோரும் ஏன் தம்பி, ஜாக்கெட்டுக்கு அளவா என்று கேட்டார்கள். இப்போது அவர்களே கையை நீட்டி, கூடியிருக்கா குறைஞ்சிருக்கா என்று கேட்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு ஆறு மாதமாக மேல்கை 24 செ.மீ.யிலேயே நின்றது. முட்டை சாப்பிட்டும் ஏறவில்லை, அவர் வீட்டம்மா இரண்டு தடவை அழுதுவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்த பிறகு 59.5-க்கு இறக்கியதும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, பிரஷர் 100-க்கு வந்து தலை சுற்றுகிறது என்றார். தண்ணீர் தேவைக்கு மேல் எடுத்துவிட்டோம் என்பதற்கு அடையாளம். காலில் வீக்கம் இல்லை, நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை. டேப்பை எடுத்துச் சுற்றினேன், 24.5. சந்தேகத்தில் இன்னொரு தடவை சுற்றினேன். டாக்டர் வந்து பார்த்து, நோட்டை வாங்கி, டிரை வெயிட் 59.5 என்று இருந்ததை அடித்துவிட்டு 60 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி பயந்துபோய், "மறுபடியும் தண்ணி ஏறிடுச்சா தம்பி?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி, இது சதை" என்றேன்.